உயிரோடு இருப்பவளுக்குப் பூசை

கொல்லங்கோடு
6 ஜனவரி 2025, திங்கள்

அன்புள்ள ஷீனா,

பினுவின் பிக்கப்பில் முட்டைக்கோஸ் மூட்டைக்கு நடுவே உன் பை பத்திரமாக வந்து சேர்ந்தது. பாலக்காட்டுக் கைவினைத் திருவிழா தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது. உன் இருபது பொம்மைகளில் மிச்சம் இரண்டு. போன வருடம் இதே மைதானத்திலிருந்து என் தையல் பைகளை எல்லாம் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். பக்கத்துக் கடையில் சிரட்டைக் கரண்டி விற்கும் துரைசுவாமி அண்ணன் நேற்று, "ஏனுங்க ராஜஸ்ரீ, உங்க கடைல மட்டும் ஈ மொய்க்கிறாப்பல மொய்க்குதுங்களே, பொம்மைக்குள்ள கருப்பட்டி வெச்சுத் தெச்சிருக்கீங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை பினு வரும்போது பதினைந்து பொம்மையாவது அனுப்பு. அதே மாதிரி தேயிலை கிள்ளும் பெண்ணாகவே இருக்கட்டும்: இடுப்பில் சுற்றும் படங்குத் துணி, தலையில் துண்டு, முதுகில் கொழுந்துச் சாக்கு. புதுத்துணி வேண்டாம். உன் அம்மாவின் பழைய சேலையில் தைத்ததைத்தான் கேட்கிறார்கள். வாய் தைக்காமல் விடுகிறாயே, அதையும் மாற்றாதே.

ஒரு நாளாவது வந்து கடையில் நில் என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போகட்டும் அம்மிணி, உனக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
ராஜஸ்ரீ


சிலம்பாறை எஸ்டேட், கீழ் டிவிஷன்
9 ஜனவரி 2025

அன்புள்ள ராஜஸ்ரீ அக்காவுக்கு ஷீனா எழுதுவது. நலமா? இங்கே எல்லாரும் நலம்.

பதினான்கு பொம்மைகள் வைத்திருக்கிறேன். பதினைந்தாவதற்குக் கண் ஒன்று மேலே ஏறிவிட்டது, பிரித்துவிட்டேன். கடிதம் எழுதுவதற்குக் கோபப்படாதீர்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் "சரிக்கா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. வைத்த பிறகுதான் சொல்ல நினைத்தது எல்லாம் வரும்.

பதினெட்டு விற்றது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கொடியில் கிடந்த சேலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இன்னும் ரெண்டுதான் கெடக்கு. அதையும் வெட்டுனா நான் பூசைக்குப் படங்கைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும்" என்றாள். திட்டுவதுபோல்தான் சொன்னாள். பிறகு பச்சைச் சேலையை அவளே எடுத்துத் தந்தாள்.

ஒன்று கேட்கலாமா? யார் செய்தது என்று ஆட்கள் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? என் பெயரையும் எஸ்டேட் பெயரையும் மட்டும் சொன்னால் போதும். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். நான் படிப்பை விட்டதைச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஷீனா


சிலம்பாறை எஸ்டேட்
13 ஜனவரி 2025

ராஜஸ்ரீ அக்காவுக்கு,

எப்போதும் நலமா என்று தொடங்குவேன். இன்று கேட்கப் பிடிக்கவில்லை.

நேற்று ஞாயிறு. எங்கள் கோவிலில் பூசை தொடங்குமுன், அது அன்றைக்கு யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று வாசிப்பார்கள். வழக்கமாக உபதேசியார் வாசிப்பார், அவருக்கு இங்கே எல்லாரையும் தெரியும். அவர் காய்ச்சலில் படுத்திருந்ததால், புதிதாக மாற்றலாகி வந்த ஃபாதரே வாசித்தார். அவர் மலையாளி, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். "மண்சரிவில் இறந்த அமிர்தநாதன், சகாயமேரி ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

என் அப்பா ஆண்கள் பக்கம் தூண் ஓரத்தில் நின்றிருந்தார். அம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா எழுந்துவிட்டாள். "சாமி, சகாயமேரி நான்தான். நான் இங்கனதான் இருக்கேன், இன்னும் சாகல" என்றாள். கோவிலே சிரித்தது. ஃபாதர் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முக்காட்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்து ஃபாதரிடம் போனோம். திருச்சூரிலிருந்து ரோசிலி டீச்சர் என்று ஒருவர் போன் செய்து பூசை கேட்டாராம். திருவிழாவில் பொம்மை வாங்கியவராம். அதில் கட்டியிருந்த அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். ஃபாதர் அதைக் காட்டினார். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும், அக்கா. தையல் வகுப்பில் என் நோட்டில் அளவு எழுதித் தந்த அதே கையெழுத்து. "ஷீனா, சிலம்பாறை எஸ்டேட். தாய் சகாயமேரியும் தந்தை அமிர்தநாதனும் மண்சரிவில் மறைந்தபின் பள்ளிப்படிப்பை நிறுத்தியவள். தாயின் சேலைகளில் செய்தது." மலையாளத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு மலையாளம் வாசிக்க வராது என்று நினைத்தீர்களா?

சிரிப்புக்கு நடுவே சிரிக்காமல் இருந்தவள் செல்வப்பிரியா. அவளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வகுப்பு எடுக்க வந்த ஆறு வாரமும் அவள் சித்தி வீட்டில்தானே தங்கினீர்கள்? நாங்கள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது மேல் லயத்து வீடுகள்மேல் மண் இறங்கியது. அவள் அம்மாவை மறுநாள் எடுத்தார்கள், அப்பாவை எட்டாவது நாள். அதை அவள் உங்கள் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நீங்கள் கேட்டு அழுதீர்களாம். அந்தக் கதையைத்தான் எடுத்து எனக்கு மாட்டிவிட்டிருக்கிறீர்கள்.

கோவில் வாசலில் அவள் என்னை வழிமறித்தாள். "பொம்மை விக்க எங்கம்மா செத்தது வேணுமோ ஒனக்கு?" என்றாள். எல்லாரும் பார்த்தார்கள். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. திறக்காது என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் இப்போது நான்தான் சொல்லி எழுதச் சொன்னேன் என்று நினைக்கிறார்கள்.

இன்று காலை மஸ்டரில் சூப்பர்வைசர் பெயர் கூப்பிட்டபோது, அமிர்தநாதன் என்றதும் பின்னாலிருந்து யாரோ, "அவருக்குத்தான் பூசை முடிஞ்சிருச்சே" என்றார்களாம். அப்பா மருந்தடிக்கும் டேங்கைத் தூக்கிக்கொண்டு மலையேறிப் போய்விட்டார். மத்தியானச் சோறு அப்படியே திரும்பி வந்தது.

இன்னொன்று. நான் ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டது, வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னதால். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. அம்மா மூன்று நாள் என்னோடு சண்டை போட்டாள். ஜீப் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். நான் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்று அழுதேன். என்னைப் படிக்க வைக்க அத்தனை பாடுபட்டவளைக் கொன்று, என் படிப்பு நின்றதையும் அவள் தலையில் போட்டுவிட்டீர்கள்.

திருவிழா இந்த ஞாயிறு வரைக்கும் இருக்கிறது. எல்லா அட்டையையும் கிழித்துப் போடுங்கள். எந்த வாயால் சொன்னீர்களோ அதே வாயால், ஷீனாவின் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுங்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஷீனா


கொல்லங்கோடு
14 ஜனவரி 2025

ஷீனா,

பொங்கலும் அதுவுமாக உன் கடிதத்தைப் படித்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததுகூடத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நீ தாளைக் கிழித்தாலும் கிழிப்பாய்.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. முதல் நாள் ஓர் அம்மா வந்தார்கள், அந்த ரோசிலி டீச்சராகத்தான் இருக்க வேண்டும். பொம்மையைத் தடவிக்கொண்டே, இது பழைய சேலையா என்று கேட்டார்கள். ஆமாங்க, இதைச் செய்த பெண்ணின் அம்மா சேலை என்றேன். "ஐயோ, அம்ம போயோ?" என்று, அம்மா இறந்துவிட்டாளா என்பதுபோல் கேட்டார்கள். நான் சும்மா இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. நான்கு பொம்மைகளை எடுத்துக்கொண்டு, கூட்டத்தில் இருந்த இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு வாங்கவைத்தார்கள். அதற்குப் பிறகு கேட்டவர்களிடம் எல்லாம் வேறு மாதிரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதால் அட்டை எழுதினேன்.

தப்புதான். ஆனால் நீயும் யோசித்துப் பார். உன்னைத் தவிர இன்னும் ஏழு பெண்கள் செய்த சாமான்களையும் கடையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். உன் பொம்மைக்கு வருகிறவர்கள்தான் மற்றதையும் வாங்குகிறார்கள். இப்போது நான் பலகையை எடுத்துவிட்டு, எல்லாம் பொய் என்றால் என்னைத் துரத்திவிடுவார்கள். இன்னும் ஐந்து நாள். பொறுத்துக்கொள். அடுத்த வருடம் வேறு அட்டை எழுதுவோம்.

நீ நினைக்கிறாய், பொம்மை நன்றாக இருந்தால் அதுவே விற்றுவிடும் என்று. எத்தனை நல்ல சாமான் மழையில் நனைந்து வீடு திரும்பியிருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். யார் செய்தது, எப்படிச் செய்தது என்று மனிதர்கள் கேட்பார்கள். யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நீ வந்து நின்றிருந்தால் நான் பதில் சொல்ல வேண்டி வந்திருக்குமா? மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் தலைவலி. உண்மையைச் சொல்ல அத்தனை ஆசை என்றால் நீயே வந்து சொல். உன்னால் முடியாது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ராஜஸ்ரீ


சிலம்பாறை எஸ்டேட்
16 ஜனவரி 2025

ராஜஸ்ரீ அக்காவுக்கு,

அட்டை என்றுதான் நினைத்தேன். பலகை வேறு வைத்திருக்கிறீர்களா?

ஒரு வார்த்தையும் பேசவில்லை, சும்மா இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா இருப்பதைப் பற்றி என்னிடமா சொல்கிறீர்கள்? எனக்கு அதைவிட்டால் வேறு எதுவும் தெரியாது. பள்ளியில் சும்மா இருந்தேன், கோவில் வாசலில் சும்மா இருந்தேன். எனக்குப் பயத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு ஒட்டவில்லை. நீங்கள் அந்தம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, விற்கட்டும் என்று இருந்தீர்கள். இரண்டையும் ஒன்று போல எழுதாதீர்கள்.

நான் வராததால்தான் என் அம்மா செத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. மற்றதை எல்லாம் வாசித்தேன். மன்னிப்பைக் கேட்டு அம்மா, "அஞ்சு நா பொறுக்கணுமாமா? அதுவரைக்கும் நான் செத்தே கெடக்கணுமோ?" என்றாள். பிறகு செல்வப்பிரியா வீட்டுப் பக்கம் பார்த்தாள். அங்கே இரண்டு நாளாக எங்கள் வீட்டுப் பக்கத்துச் சன்னலை மூடியே வைத்திருக்கிறார்கள்.

நாளை பினுவின் வண்டியில் அம்மாவும் நானும் வருகிறோம். அப்பா வரவில்லை என்றார். "செத்தவுக ரெண்டு பேரும் போயிட்டா கோழியை ஆரு அடைக்கிறது?" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் பேசியது அதுதான்.

ஷீனா


கொல்லங்கோடு
20 ஜனவரி 2025

ஷீனா,

என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய். திருப்திதானா?

நீங்கள் வருகிறீர்கள் என்ற கடிதத்தைப் பினு என் கையில் தந்தபோது உங்கள் இருவர் தலையும் அவன் வண்டிக் கண்ணாடிக்குள் தெரிந்தது. யோசிக்க ஒரு நிமிடம்கூட எனக்குத் தரவில்லை. உன் அம்மா வேலை உடுப்பிலேயே வந்தாள். படங்கு, ஆண்சட்டை, தலைத்துண்டு எல்லாம் அப்படியே. "மாத்தச் சேலை எங்க இருக்கு, எல்லாத்தையும் பொம்மைக்குக் கட்டியாச்சே" என்று எல்லார் முன்னாலும் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். பிறகு என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் நடந்ததை நீயும் பார்த்தாய். வந்தவர்கள் பொம்மையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். திருவிழாக்காரர்கள் ஏற்பாடு செய்த வேஷம் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். ஒருத்தி குழந்தையை அவள் மடியில் உட்காரவைத்தாள். "நான்தாம்மா அந்தச் சகாயமேரி, நான் சாகல" என்று உன் அம்மா தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னாள். நன்றாக நடிக்கிறார்கள் என்று ஒருவர் கை தட்டினார். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ வாய் திறந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். உனக்குத்தான் மலையாளம் தெரியுமே! துப்பட்டா முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றாய். பிறகு பலகையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து உடைத்தாய். பொம்மைகளைச் சாக்கில் வாரிப் போட்டுக்கொண்டு, அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினாய். யார் அந்தப் பெண் என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

கமிட்டிக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். துரைசுவாமி அண்ணன் வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அடுத்த வருடம் எனக்குக் கடை கிடைக்காது. ஏழு பெண்களுக்கும் நான் என்ன பதில் சொல்ல?

வாங்கியவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதி வைத்த நோட்டைக் காணவில்லை. பொம்மையோடு சேர்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போயிருப்பாய். மற்றவர்களின் ஆர்டரும் அதில்தான் இருக்கிறது. பினுவிடம் கொடுத்து அனுப்பு.

ராஜஸ்ரீ


சிலம்பாறை எஸ்டேட்
1 பிப்ரவரி 2025, சனி

ராஜஸ்ரீ அக்காவுக்கு,

நோட்டு தவறிப்போய்ச் சாக்கில் விழவில்லை. எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

திரும்பி வரும் வழி முழுக்க அம்மா என்னைத் திட்டவில்லை. சின்னார்ச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோது மட்டும், "ஏட்டி, நான் பேசுனது அவுகளுக்கு வெளங்கல. ஒனக்கு வெளங்கும்படி பேச வரும். ஏன் பேசல?" என்று கேட்டாள். அவள் தலைத்துண்டை அவிழ்த்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, மூணாறு வரைக்கும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் டிவிஷனில் சிக்னல் கிடைப்பது மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில்தான். மறுநாள் அம்மாவின் போனையும் உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். என் பொம்மை வாங்கியவர்கள் இருபத்தொரு பேர். முதல் ஆள் எடுத்து ஹலோ, ஹலோ என்றார். வைத்துவிட்டேன். இரண்டாவது ஆளுக்கும் அப்படித்தான். அன்றைக்குக் கீழே இறங்கிவிட்டேன். அடுத்த நாள் சொல்ல வேண்டியதை மலையாளத்தில் எழுதிக்கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். நான் ஷீனா. என் அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருக்கிறார்கள். பொம்மையில் இருந்த அட்டை பொய். பொம்மையைத் திருப்பித் தர வேண்டுமானால் தாருங்கள்.

ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். கேட்டுக்கொண்டேன். ஒருவர், இப்படியும் ஒரு தந்திரமா, இன்னும் பொம்மை விற்கவா என்றார். ஷொர்ணூர்க்காரம்மா ஒருத்தர் அழுதார், அட்டையை வாசித்தபோது அழுததைவிட இப்போது அதிகம் அழுவதாகச் சொன்னார். ஒரு காலேஜ் பெண், அப்படியானால் பொம்மைக்கு வாய் ஏன் இல்லை, துக்கத்தால் என்று கடையில் சொன்னார்களே என்று கேட்டாள். அதையும் சொல்லியிருக்கிறீர்கள்! எனக்கு வாய் தைக்க வராது, தைத்தால் கோணிப்போகும், அதனால்தான் என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் அப்போது உங்கள்மேல் வந்த கோபத்தில் பாறையை உதைத்துக் கால்நகம் பெயர்ந்துவிட்டது.

முதல் நாள் வைத்துவிட்ட இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

ரோசிலி டீச்சரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவர் என் பெயரை மறுபடி கேட்டுக்கொண்டார். பிறகு, ஒப்புக்கொடுத்த பூசையை நான் திரும்பக் கேட்கமாட்டேன், இன்னொரு பூசைக்குச் சொல்கிறேன், உண்மையில் போனவர்கள் பெயர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செல்வப்பிரியா வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நான் நின்றேன். அவள் நிமிரவில்லை. அட்டை எழுதியது நான் இல்லை என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், அடுத்த வீட்டில் தண்ணீர் பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் எழுதியது என்றும் சொன்னேன். ஆறு வாரம் அவள் பாயில் படுத்தவர் என்றும் சொன்னேன். அவள் கோடாலியைக் கட்டையில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். டீச்சர் கேட்டதைச் சொன்னேன்.

"எங்கம்மா பேரு அந்தோணியம்மாள். அப்பா பேரு சூசைமரியான். பெழையில்லாம எழுதிக் குடு" என்றாள். அவ்வளவுதான். மறுபடி விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டாள். சன்னல் இன்னும் மூடித்தான் இருக்கிறது.

நாளைக் காலைப் பூசை அவர்களுக்கு. உபதேசியார் எழுந்துவிட்டார், அவர்தான் வாசிப்பார்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு பினுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இன்றைக்கே உங்கள் கையில் கிடைத்துவிடும். மற்ற ஏழு பெண்களின் ஆர்டர் எதையும் தொடவில்லை. என் பொம்மைகளை நீங்கள் இனி விற்க வேண்டாம். இனி நான் உங்களுக்கு எழுதப்போவதும் இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தில், கடையின் பெயருக்குக் கீழே உங்கள் நம்பர் இருக்கிறது. அது இருபத்திரண்டாவது. நாளை பூசை முடிந்ததும் பாறைக்கு ஏறுவேன். பத்தரை மணி இருக்கும். போனை எடுங்கள், அக்கா. இந்த முறை நான் பேசுகிறேன். நீங்கள் சும்மா இருந்தால் போதும்.

ஷீனா